என்டர் தட்டுவதற்கு முன்

இந்த ஹாம்பர்க் அலுவலகத்தில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று, கேள்வி முடியும் முன்பே வந்து நிற்கும் பதில். பிரவுசருக்குள் நிரல் வரிகளைச் சோதிக்கும் கன்சோலைத் திறந்து ஒரு வரி எழுதினால், என்டர் தட்டுவதற்கு முன்பே அதன் விடை கீழே மங்கலாகத் தெரியும். கண் படத்தை அழுத்தி ஒரு வரியை மேலே நிறுத்திவைத்தால், மதிப்பு மாற மாறத் தானாகக் காட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்து மேசை யானாவுக்கு இது வெறும் வசதி. எனக்கோ அபசகுனம். பாம்பனில் எங்கள் வீட்டில், படகு கரை சேரும்வரை அதைப் பற்றி எந்த முடிவையும் வாயால் சொல்லக் கூடாது. நல்லதும் கூடாது, கெட்டது கூடவே கூடாது. சின்ன வயதில், அய்யா கடலுக்குப் போயிருந்தபோது, இஞ்சின் நின்றுபோயிருக்குமோ என்று கேட்டு அம்மாவிடம் வாயிலேயே அடி வாங்கியிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, நான் அலுவலகம் வந்து உட்கார்ந்ததும் மதினி கூப்பிட்டார். அங்கே காற்று ஏறிவிட்டது, மற்ற படகுகள் திரும்பிவிட்டன, அண்ணனின் படகு மட்டும் வரவில்லை, போனும் கிடைக்கவில்லை. படகிலிருக்கும் கருவியை வைத்து அதன் இடத்தைக் காட்டும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. ஆனால் மதினியின் போனில் தெரிந்தது ஒரு புள்ளிதான். வேகமும் திசையும் அந்தப் பக்கத்துக்குள் மறைந்து கிடந்தன. இரண்டையும் எடுத்துக் கன்சோலின் மேலே நிறுத்தினேன். வேகம் பூஜ்யம். நங்கூரம் போட்டுக் காற்று அடங்கக் காத்திருக்கிறான் என்று எனக்கு மூச்சு வந்தது. மதினியிடம் அதைக்கூடச் சொல்லவில்லை.

அப்புறம் எண் அசைந்தது. எட்டிப் பார்த்த யானா, நகர்கிறதே, நல்லதுதானே என்று கைதட்டினாள். பாவம், அவளுக்குப் படகு நகர்ந்தால் வீடு திரும்புகிறது என்று அர்த்தம். வேகம் ஆள் நடக்கும் அளவுக்குக்கூட இல்லை. திசையோ கிழக்கு. நங்கூரக் கயிறு அறுந்து, இஞ்சினும் ஓடாமல், நீரோட்டம் படகை எல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. தாண்டிவிட்டால் இலங்கைச் சிறைதான்.

கன்சோல் முன்கூட்டியே விடை காட்ட ஒரு நிபந்தனை உண்டு. அந்த வரியை ஓட்டிப் பார்ப்பதால் எதுவும் மாறாது என்று தெரிந்தால்தான் காட்டும். நானும் இத்தனை வருடமாக ஊரை அப்படித்தான், எதையும் தொடாமல் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. வாயைத் திறந்தால் அபசகுனம், திறக்காவிட்டால் அண்ணன் போய்விடுவான்.

"மதினி, இஞ்சின் நிண்டுபோச்சு. கிழக்க இழுத்துட்டுப் போகுது. இடத்தைச் சொல்றேன், ஆள் அனுப்புங்க."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"சொல்லு" என்றார்.

கரையிலிருந்து இரண்டு படகுகள் கிளம்பின. எண்கள் மாற மாற நான் சொல்ல, மதினி வாக்கிடாக்கியில் அவர்களுக்குச் சொன்னார். இங்கே எல்லோரும் சாப்பிட எழுந்துபோன நேரத்தில் திசை மேற்கே திரும்பி, வேகம் ஏறியது. கயிறு கட்டி இழுத்து வருகிறார்கள். அதை மட்டும், படகு கரை சேரும்வரை நான் வாயால் சொல்லவில்லை.

மாலையில் அண்ணனே மதினியின் போனிலிருந்து பேசினான். அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஏ மெர்சி, அங்கன இருந்துக்கிட்டு நீ எங்களைப் பாத்துட்ட. உன்னைய நாங்க எங்கன பாக்க?"

அந்த நேரம் பார்த்து அலுவலகத்தைப் பூட்ட வந்த காவலாளி, வீட்டுக்குப் போகவில்லையா என்று ஜெர்மனில் கேட்டார். கிளம்புகிறேன் என்று சொல்ல நினைத்த எனக்கு, பதற்றத்தில் ஊர்ப்பேச்சுதான் வந்தது.

"இந்தா வாரேன்."

காவலாளி புரியாமல் சாவியோடு நின்றார். போனில் அண்ணன் கேட்டான்.

"எப்ப?"