அவர் பெயரில் இருந்த சந்தா

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனது. பேச்சும் போனது. அதற்கு மூன்று மாதம் முன்பு, பாயான் பாரு வட்டாரத்தில் ஒரு பேரங்காடியில் மேசை போட்டு நின்ற பெண், வீட்டிலிருந்தே எல்லாத் தமிழ்ப் படமும் பார்க்கலாம், முதல் மாதம் இலவசம் என்று சொல்லி, இவருடைய வங்கி அட்டை எண்ணை வாங்கிப் பதிந்துகொடுத்தாள். தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் ஷிப்டு பார்த்த மனுஷன், ஆசைப்படுகிறாரே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

இப்போது டிவிப் பெட்டியைப் போட்டால் கண்ணை மூடிக்கொள்கிறார். ஆனாலும் மாதா மாதம் அவருடைய பென்ஷனிலிருந்து பிடிக்கிறார்கள். பிடிக்கிற வெள்ளிப் பணத்துக்கு அவருக்குக் கட்டுகிற டயப்பர் இரண்டு பொட்டலம் வரும். அது இல்லாமல் மாதக் கடைசியில் ஈரத்தோடேயே அவரைக் கிடத்த வேண்டியதாகிறது. முதுகில் தோல் உரிய ஆரம்பித்துவிட்டது. இதை யாரிடமும் நான் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

கீழ்மாடி அம்மாள்தான் கண்டுபிடித்தார். பள்ளிக்கூட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட வயதில் இளையவர். என் வீட்டுக்காரரைப் பார்க்க வந்த இடத்தில் வாடை தெரிந்திருக்கும்.

"என்னக்கா, முதுகு இப்படி இருக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒரு போன் அடிச்சா போதும்லா. வேணாம்னா நிறுத்தலாம், அது காசு கட்டுற பயனீட்டாளரோட உரிமை. அவங்க முரண்டு பண்ணினா பயனீட்டாளர் கோர்ட்டு இருக்கு, டிரிபியூனல், அதுல புகார் போடலாம்."

"எனக்கு அதெல்லாம் பேச வராதும்மா."

"மீன்காரன் எடையில ஏமாத்திட்டான்னு அரை மணி நேரம் எங்கிட்டப் பேசினீங்க. அதுல பாதியை இவங்ககிட்டப் பேசுங்க, போதும்."

மறுநாள் காலையில் அம்மாளே எண்ணை அழுத்திக் கொடுத்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். வெகுநேரம் பாட்டு ஓடியது. முதலில் மலாய்ப் பெண் ஒருத்தி பேசினாள். பிறகு தமிழ்ப் பெண் ஒருத்தியிடம் மாற்றிவிட்டாள்.

"ஆன்ட்டி, கணக்கு யார் பேர்ல இருக்கு?"

"வீட்டுக்காரர் பேர்ல."

"அவர் பேரு என்ன ஆன்ட்டி?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் அவருடைய அடையாள அட்டையை நீட்டிவிடுவேன். கோவிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரத்தை நான் சொல்வேன், பெயரை அவரே சொல்லிக்கொள்வார். போனில் எந்த அட்டையை நீட்டுவது?

கீழ்மாடி அம்மாள் எட்டிப் பெயரைச் சொன்னார்.

"பக்கத்துல யாரு? ஸாரி, பேசறவங்கதான் சொல்லணும். ஆன்ட்டி, நீங்க ஒய்ஃப்தானே? புருஷன் பேரு தெரியாதா?"

"சொல்லுங்கக்கா, சாமி ஒண்ணும் கண்ணைக் குத்திடாது" என்று அம்மாள் என் முழங்கையை இடித்தார்.

கட்டிலில் அவர் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார். முதுகைக் காட்டித் திரும்பி நின்று சொன்னேன்.

"கேக்கலை ஆன்ட்டி, கொஞ்சம் சத்தமா."

சத்தமாகச் சொன்னேன். நடைபாதையில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

"ஓகே. இப்ப அங்கிள்கிட்ட போனைக் கொடுங்க. நிறுத்தச் சம்மதம்னு அவர் வாயால சொல்லணும். ரெக்கார்டு ஆகும்."

"அவரால பேச முடியாதும்மா. படுத்த படுக்கை."

"ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும் ஆன்ட்டி."

போனை அவர் வாய்ப் பக்கம் வைத்தேன். அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. கழுத்து நரம்பு புடைக்க, "ஆ... ஆ..." என்றார். எச்சில் வழிந்தது. துடைத்துவிட்டேன். மறுபடியும் முயன்றார். மூன்று தடவை.

"தெளிவா இல்லையே ஆன்ட்டி. அங்கிள் கையெழுத்துப் போட்டு ஒரு லெட்டர் அனுப்பச் சொல்லுங்க."

கீழ்மாடி அம்மாள் போனைப் பிடுங்கிக்கொண்டார். "கை விழுந்தவர் எப்படிம்மா கையெழுத்துப் போடுவாரு? உங்க வீட்டுல நோயாளியே கிடையாதா?"

அந்தப் பெண்ணின் குரல் இறங்கிவிட்டது. "நான் என்னம்மா செய்யறது? எனக்குக் கொடுத்த ரூல் இதுதான்."

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளும் யாருக்கோ பயந்துதான் பேசினாள்.

அம்மாள் விடவில்லை. டிரிபியூனல் ஆபீசிலிருந்து புகார்ப் படிவம் கொண்டுவந்தார். அதன் அடியிலும் பயனீட்டாளர் கையெழுத்து என்று கோடு போட்டிருந்தது. இவருடைய இடது கையில் பேனாவைக் கொடுத்துப் பார்த்தோம். கோட்டைத் தாண்டித் துணியில் இழுத்துவிட்டார். கைநாட்டு வைக்கலாம், டாக்டர் கடிதம் வேண்டும் என்றார்கள் டிரிபியூனலில். டாக்டரைப் பார்க்க நான்கு மாதம் தள்ளி நாள் கொடுத்திருக்கிறார்கள். பணம் பிடிக்கிற அட்டையை ரத்து செய்யலாம் என்றால் வங்கிக்கு அவரே வரவேண்டுமாம். உரிமை இருக்கிறது என்று அம்மாள் இன்னும் சொல்கிறார். இருக்கும். ஆனால் அது என் வீட்டுக்காரருடைய வாய்க்கும் கைக்கும் கொடுத்த உரிமை. அவை இரண்டும் இல்லை.

போன் பேசிய அன்றிலிருந்து அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் பெயரைச் சொன்னதாலா, அவர் சொன்னது யாருக்கும் புரியாததாலா, தெரியவில்லை. கேட்டாலும் பதில் வராது.

இந்த மாதமும் பிடித்துவிட்டார்கள். என் பழைய கைலிகளைக் கிழித்து நாலாக மடித்து அவருக்குக் கட்டுகிறேன். ஒரு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. புண் பெரிதாகிவிட்டது. புரட்டும்போது முன்பெல்லாம் முனகுவார். இப்போது அதுவும் இல்லை.