இருட்டில் வைத்த பத்தாவது குப்பி

நடந்ததை மட்டும் எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பென்சில் கூடாது. அழிக்கக் கூடாது. பக்கம் கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்திலேயே கையெழுத்துப் போட வேண்டும். ஆய்வுக்கூடத்து நோட்டின் சட்டம் அது. இங்கே நான் சொல்லப்போகும் நேரங்களெல்லாம் அந்த நோட்டில் நீல மையில் இருக்கின்றன. ஒன்றுகூட அடிக்கப்படவில்லை.

நான் பேயை நம்புகிறவள் இல்லை. இன்றைக்கும் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது. பழைய முறையில் மணிக்கணக்காகக் கொதிக்கவைப்பார்கள். நாங்கள் சூடே காட்டுவதில்லை. சின்னக் கண்ணாடிக் குப்பியில் கலவையை ஊற்றி, நைட்ரஜனை ஓடவிட்டுக் காற்றைத் துரத்திவிட்டு, நீல விளக்கு முன்னால் வைத்துவிடுவோம். கலவையில் ஒரு சிட்டிகை வினையூக்கி இருக்கும். அது வெளிச்சத்தைக் குடித்து, பக்கத்து மூலக்கூறின் மேல் ஒரு எலக்ட்ரானைத் தள்ளிவிடும். வாங்கிக்கொண்டது உடையும். உடைந்த துண்டு, ஜோடி இல்லாத ஒற்றை எலக்ட்ரானோடு நிற்கும். ராடிகல் என்போம். ஒரு நொடிகூடத் தனியாக இருக்கத் தெரியாத ஜென்மம் அது. கைக்கு எது முதலில் எட்டுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும்.

வெளிச்சம் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வெளிச்சம் இருந்தும் நடக்கவில்லை. எட்டு மாதம். நாற்பத்தொரு முறை. நாற்பத்தொன்றும் பூஜ்யம்.

எனக்கு முன்னால் அதே மேசையில் வேலை செய்தவரை எல்லோரும் ஆரஞ்சு அக்கா என்பார்கள். நீல விளக்கு கண்ணைக் கெடுக்கும் என்பதால் நாங்கள் ஆரஞ்சுக் கண்ணாடி போட்டுக்கொள்வது வழக்கம். அவர் அதைக் கழற்ற மறந்து, அதோடேயே பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவாராம். நான் சேர்வதற்கு நாலு மாதம் முன்பு சாலை விபத்தில் இறந்துபோனார். அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முதல் நாள் அவர் இழுப்பறையைத் திறந்தபோது உள்ளே நிறைய அலுமினியத் தாள்கள். ஒருமுறை சுற்றிய தாளை எறியாமல், நகத்தால் நீவி, நாலாக மடித்து, சதுரம் சதுரமாக அடுக்கி வைத்திருந்தார். எனக்கு எறிய மனம் வரவில்லை.

அவர் நோட்டின் கடைசிப் பக்கம் எனக்கு மனப்பாடம். பதின்மூன்றாம் தேதி. பத்துக் குப்பிகள். ஒன்பது விளக்கு முன்னால். பத்தாவது மட்டும் தாள் சுற்றி, இருட்டில். வேலை செய்வது வெளிச்சம்தான் என்று காட்ட அப்படி ஒன்று வைப்போம். அதில் எதுவும் விளையக் கூடாது. ‘காலை 6.40க்கு எடுக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தார். முடிவு எழுதும் கட்டங்கள் காலி. அவற்றின் குறுக்கே எங்கள் தலைவரின் சிவப்பு மை: 82%. கம்ப்யூட்டரில் கிடந்த ஓர் அளவீட்டைப் பார்த்து அவர் போட்டது.

குழுவின் தலைவர் என்பதால் மட்டும் அவருக்கு அந்தப் பெயர் இல்லை. கையில் மைக் கிடைத்தால் விடமாட்டார் என்பதாலும்தான்.

“விளக்கு அதேதான். மருந்து அதேதான். மாறினது ஆள் மட்டும்தானேம்மா?”

“அளவெல்லாம் அக்கா நோட்டுல இருக்கறபடிதான் சார் போடறேன்.”

“அப்ப வந்திருக்கணுமே? அவ கைராசிக்காரி. உனக்கு அவசரம் ஜாஸ்தி. எங்கயோ குப்பியை மாத்திடற.”

அந்த எண்பத்திரண்டை வைத்து ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பியிருந்தோம். அங்கே அதைப் படித்துப் பார்த்தவர்கள் இரண்டு கேள்வி கேட்டார்கள். இன்னொருவர் கையாலும் இது வருமா? இருட்டில் வைத்த குப்பியின் முடிவு எங்கே? முப்பத்தொன்றாம் தேதிக்குள் பதில் வேண்டும். என் ஒப்பந்தமும் அதே நாளில் முடிகிறது. எண்பத்திரண்டு வந்தால் இன்னும் இரண்டு வருடம். வராவிட்டால் வீடு. முப்பத்தாறு வயதில், தோற்றுப்போன நாற்பத்தொரு பக்கங்களோடு போய் நின்றால் வேறு எந்த ஆய்வுக்கூடம் என்னைச் சேர்க்கும்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த எட்டு மாதமும் நான் மனதுக்குள் ஆரஞ்சு அக்காவோடு சண்டை போட்டேன். தலை வாரும்போது. பாத்திரம் தேய்க்கும்போது. ஏதோ ஒன்றை நோட்டில் எழுதாமல் மறைத்துவிட்டாய், அதை எடுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று. செத்துப்போன ஒரு பெண்ணின் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பட்டேன்.

இருபத்தாறாம் தேதி நாற்பத்திரண்டாவது முறை. சாயங்காலம் 6.40. அவர் செய்ததைப் போலவே பத்துக் குப்பிகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் மார்க்கரால் எண். ஒன்பதை விளக்கைச் சுற்றி நிறுத்தினேன். பத்தாவதைத் தாள் சுற்றி, மேசைக்குக் கீழே அலமாரிக்குள், தனிக் கலக்கியின் மேல் வைத்துக் கதவைச் சாத்தினேன். குப்பிக்குள் காந்தத் துண்டு சுற்றும்போது கண்ணாடியில் தட்டும். டக்... டக்... டக்...

பன்னிரண்டு மணி நேரம் ஓட வேண்டும். கடிகாரத்தில் அலாரம் வைத்து, மேசையின் மேல் வைத்தேன். அறைக் கதவை உள்ளே தாழ் போட்டேன். வீட்டுக்காரருக்கு போன் செய்தேன்.

“இன்னைக்கும் வரலையா?”

“நான் குப்பியை மாத்திடறேனாம். கண்ணை எடுக்காம உக்காந்து பாக்கப்போறேன்.”

“சரி. பாப்பா உனக்கு ஒரு முத்தம் வச்சிருக்கா. போன்ல குடுக்க மாட்டாளாம், நேர்லதானாம்.”

“காலையில வாங்கிக்கறேன்னு சொல்லுங்க.”

அந்த அறையைப் பற்றி ஒரு விஷயம். கூரையில் நாலு வரிசை விளக்குகள். ஆள் அசைந்தால் தானாக எரியும். பன்னிரண்டு நிமிடம் அசைவில்லாவிட்டால் அணைந்துவிடும். வரிசைக்கு வரிசை தனித்தனி சென்சார். முதல் வரிசை கதவருகே. நாலாவது என் நாற்காலிக்கு மேலே. ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருப்பதால் விடிந்தாலும் உள்ளே தெரியாது.

இரவெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. எழுந்து நடந்தேன், தண்ணீர் குடித்தேன், உட்கார்ந்தேன். 5.40க்குப் பிறகு அசையவில்லை. களைப்பு. 5.52க்கு என் தலைக்கு மேல் விளக்கு அணைந்தது. நீல விளக்கு மட்டும். ஆரஞ்சுக் கண்ணாடி வழியே அதுவும் மங்கிய பச்சையாகத்தான் தெரிந்தது. மடியில் நோட்டு. விரல் அசைவுக்கெல்லாம் விளக்கு எரியாது. ஆகவே எழுத முடிந்தது.

6.04. முதல் வரிசை எரிந்தது.

கதவைப் பார்த்தேன். தாழ் போட்டபடியே இருந்தது. சென்சார் கோளாறு என்று எழுதினேன். எரிச்சலாக வந்தது. இந்த இடத்தில் எதுதான் ஒழுங்காக வேலை செய்கிறது?

6.09. இரண்டாவது வரிசை.

6.14. மூன்றாவது.

6.16க்கு முதல் வரிசை அணைந்தது. 6.21க்கு இரண்டாவது அணைந்தது. சரியாகப் பன்னிரண்டு நிமிடம். அப்படியென்றால் சென்சாரில் கோளாறு இல்லை.

மூன்றாவது 6.26க்கு அணைய வேண்டும்.

6.26... அணையவில்லை.

6.30... அணையவில்லை.

அங்கே ஏதோ அசைந்துகொண்டே இருக்கிறது. என்னிடமிருந்து ஆறடி. வெள்ளை வெளிச்சம். காலித் தரை. காலி மேசை. வேறொன்றும் இல்லை.

நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

டக்... டக்... டக்...

6.38. நாலாவது வரிசை எரிந்தது.

நான் அசையவில்லை.

பயந்தால் சிலர் அழுவார்கள். எனக்குக் கோபம் வந்தது. எட்டு மாதக் கோபம். கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னேன்:

“எப்படிப் பண்ணினீங்க? அதையாவது சொல்லிட்டுப் போங்கக்கா.”

6.40. அலாரம்.

கீ... கீ... கீ...

நின்றது.

அதை நிறுத்த ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்.

அலமாரிக் கதவு... கிறீச்.

டக்... டக்...

டக்.

பிறகு அந்தச் சத்தம். தாளைப் பிரிக்கும் சத்தம். சர்ர்... சர்ர்...

நகத்தால் நீவும் சத்தம்.

என் காதருகே.

கண்ணைத் திறந்தபோது 7.05. தூங்கினேனா, மயங்கினேனா, தெரியாது. நாலு வரிசையும் இருட்டு. நான் எழுந்ததும் தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. பத்தாவது குப்பி மேசையின் மேல் இருந்தது. உள்ளே கலவை கொஞ்சம் குறைந்திருந்தது. பக்கத்தில் அலுமினியத் தாள். நாலாக மடித்து, சதுரமாக.

அறைக் கதவு போட்ட தாழோடுதான் இருந்தது.

கீழே என்.எம்.ஆர். அறைக்கு ஓடினேன். குப்பியிலிருந்து கொஞ்சம் எடுத்து, அதே எண் போட்ட மெல்லிய குழாயில் ஊற்றி வைத்தால் என்ன விளைந்தது என்று காட்டும் இயந்திரம் அங்கேதான். அதை ஓட்டுகிறவரை மெஷின் அண்ணா என்போம். அவர் அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

“என்னம்மா, பேயைப் பாத்த மாதிரி வர்றீங்க?”

என்னால் சிரிக்க முடியவில்லை. உள்ளே திரை எரிந்துகொண்டிருந்தது. குழாய் எண் 10. விளைச்சல் 82%. அளந்த நேரம், காலை 6.52.

“யாருண்ணா இதை ஓட்டினது?”

“நீங்கதானே? இல்லையா? ஆனா பூட்டு... சாவி என்கிட்டதானே இருக்கு.” தலையைச் சொறிந்தார்.

மற்ற ஒன்பதையும் என் கையால் அளந்தேன். ஒன்பதும் பூஜ்யம். வெளிச்சத்தில் இருந்தது எதுவும் விளையவில்லை. இருட்டில் இருந்தது விளைந்திருக்கிறது.

தலைவர் நோட்டைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

“சொன்னேன்ல? குப்பியை மாத்திட்ட.”

“குப்பி மேலயே எண் இருக்கு சார்.”

“அப்ப எண்ணை மாத்தி எழுதிட்ட. இதுல என்னம்மா குழப்பம்? ஒண்ணுக்கு எண்பத்திரண்டு, பத்துக்குப் பூஜ்யம். எழுதிக் குடு. நீட்டிப்புல இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். இரண்டே எண்கள். இடம் மாறினால் போதும். யாருக்கும் நஷ்டமில்லை. அந்த நொடியில் என் கை போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தடுத்தது நேர்மை அல்ல, எரிச்சல். எட்டு மாதமாக என் கழுத்தில் தொங்கிய அந்த எண்பத்திரண்டு எந்தக் குப்பியில் விளைந்தது என்று ஒருவர்கூடப் பார்க்கவில்லையே. நானும் பார்க்கவில்லையே.

“அரை மணி நேரம் குடுங்க சார்” என்று சொல்லிவிட்டு மறுபடி கீழே போனேன்.

மெஷின் அண்ணா ஆரஞ்சு அக்காவின் பழைய கோப்பைத் தேடி எடுத்தார். திரையைப் பார்த்தேன்.

விளைச்சல் 82%. குழாய் எண் 10.

அதுவும் இருட்டுக் குப்பிதான். வெளிச்சத்தில் அவருக்கும் எதுவும் வந்திருக்கவில்லை. தலைவர் எண்ணைப் பார்க்காமல், விளைந்தது என்றால் வெளிச்சத்தில்தான் விளைந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். இல்லாத ஒன்றில் எட்டு மாதம் தலையை முட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அழுகை வந்தது.

மெஷின் அண்ணாவின் விரல் திரையின் மூலையில் நின்றது. தேதி பதினாலு. நேரம் காலை 6.52.

“இது... இருக்காதும்மா.”

“ஏண்ணா?”

“பதிமூணாம் தேதி ராத்திரி இங்கேர்ந்து கிளம்பினாங்க. பஸ் ஸ்டாப் வரைக்கும்கூடப் போகல. பதினொண்ணே காலுக்கே முடிஞ்சிபோச்சு.”

“அப்ப பதினாலு காலையில...”

“நாங்க எல்லாரும் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னோம். தலைவரும்தான். பில்டிங்லயே ஆள் இல்ல. இந்த ரூம் சாவி என் பாக்கெட்ல.”

நான் மேலே போய், தலைவரின் பேனாவைத் தொடாமல், என் பேனாவால் எழுதினேன். ஒன்று முதல் ஒன்பது வரை, 0. பத்து, 82. கீழே கையெழுத்துப் போட்டு நோட்டை அவர் முன் வைத்தேன். முப்பத்தொன்றாம் தேதி அங்கே எனக்குக் கடைசி நாள்.

அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘அளந்தவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. ஒன்பது வரியில் என் கையெழுத்து இருக்கிறது.

பத்தாவதை நான் அளக்கவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாகத்தான் விட்டு வந்தேன்.