வாங்காத பற்றறி

தில்லைநாதன் விதைநெல்லில் கைவைக்காத மனிதர். கடைசிச் சண்டையில் ஊரே சட்டி பானையோடு ஓட, அவர் ஒரு மூட்டை விதைநெல்லைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஓடினார். வழியில் பசி வயிற்றைப் பிடுங்கியபோதும் மூட்டையை அவிழ்க்க விடவில்லை. "இந்த மனிசனுக்கு நெல்லுத்தான் மூத்த பெண்சாதி" என்று ஞானேஸ்வரி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பிள்ளைகள் இல்லாத வீடு. பகிடிக்கும் சண்டைக்கும் அவருக்கு அவள், அவளுக்கு அவர்.

மாங்குளத்துக்குக் கிழக்கே வயல் செய்தவருக்கு அறுபத்தெட்டு வயதில் நுரையீரல் இறுகும் வருத்தம் வந்தது. இரவும் பகலும் ஒட்சிசன் இயந்திரம் ஓட வேண்டும். கரண்ட் பில் மாதம் இருபதினாயிரத்தைத் தாண்டியது. இனி உழவு இல்லை என்று ஆன பிறகு உழவு இயந்திரம் எதற்கு? அதை விற்று சோலர் போடுவது என்று முடிவானது.

வவுனியாவிலிருந்து சோலர் பூட்டுகிற நிஷாந்தன் வந்து கூரையை அளந்தான். ஆண்கள் இருவரும் விறாந்தையில் கணக்குப் பார்க்க, ஞானேஸ்வரி குசினியில் தேத்தண்ணி போட்டாள். கொண்டுவந்து வைத்தபோது அவன் கடைசிப் பேச்சில் இருந்தான்.

"பாவிச்சது போக மிச்சக் கரண்டுக்கு மின்சார சபைக்காரர் மாதா மாதம் காசு தருவாங்கள். ஐஞ்சு வருஷத்தில போட்ட காசு வந்திடும் அம்மா."

ஞானேஸ்வரி கணவனின் மூக்கில் கிடந்த குழாயைப் பார்த்தாள். டொக்டர் சொன்னது இரண்டு வருடம். அதை அவரிடம் அவள் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமலும் இல்லை.

"கரண்ட் நிண்டா மெசினும் நிண்டிடுமே?" என்று மட்டும் கேட்டாள்.

"அதுக்குத்தானே மேல சோலர் வரப்போகுது. நீர் பயப்பிடாதையும்" என்றார் அவர். நிஷாந்தன் தேத்தண்ணிக்குள் முகத்தை வைத்துக்கொண்டான்.

பன்னிரண்டு தகடுகள் கூரை ஏறின. மூன்று கிழமை கழித்து, நல்ல உச்சி வெயிலில், கண்டி வீதியில் லொறி ஒன்று மின்கம்பத்தை மோதியது. கரண்ட் நின்று இயந்திரமும் நின்றது. ஞானேஸ்வரி முற்றத்துக்கு ஓடிப் பார்த்தாள். தகடுகள் கண் கூசப் பளபளத்தன. வயர்தான் கழன்றிருக்கும் என்று, பாவி, சுவிட்சைப் போட்டுப் போட்டு நேரத்தைத் தின்றாள். ஓட்டோ வந்தபோது தில்லைநாதன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். பேச மூச்சில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்பே கை தளர்ந்தது.

செத்தவீட்டுக்கு வந்த நிஷாந்தனை அவள் படலையிலேயே மறித்தாள்.

"அறுவானே! வெயில் எரிச்சுக்கொண்டு நிக்க மெசின் ஏன் நிண்டது?"

அவன் தலையைக் குனிந்தான். "லைனில கரண்ட் நிண்டா இந்தச் சோலரும் நிக்கும் அம்மா. கரண்டைச் சேர்த்து வைக்கிற பற்றறி வைச்சாத்தான் ஓடும். அண்டைக்கே ஐயாட்டைச் சொன்னனான். பற்றறிக்கும் காசு கிடந்தது. அவர் அந்தக் காசுக்கு இன்னும் ஆறு தகடு போடச் சொன்னவர்."

"ஏன்?"

"'பற்றறி எனக்கு, தகடு அவாக்கு' எண்டவர். வேண்டாம் ஐயா எண்டனான். 'விதைநெல்லைத் தின்னச் சொல்லுறியோ தம்பி?' எண்டு சிரிச்சவர். உங்களிட்டைச் சொல்லக்கூடாதெண்டு சத்தியமும் வாங்கினவர்."

ஞானேஸ்வரி அப்படியே மண்ணில் இருந்துவிட்டாள்.

இப்போது அந்த வீட்டில் எரிவது ஒரு லைற். முதல் மாதம் பதினையாயிரம் ரூபா வந்தது. அவள் அதை எடுத்து அரிசி வாங்கினாள். வாங்காமல் என்ன செய்வாள்? உலையில் போடும்போதுதான் தாங்க முடியாமல் போனது. அரிசிக் கையோடு முற்றத்துக்கு வந்து கூரையைப் பார்த்துக் கத்தினாள்.

"நீங்கள் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்திருந்தா நான் பட்டினி கிடந்திருப்பனே! உங்களை ஆர் கணக்குப் பார்க்கச் சொன்னது?"