போறன் என்று எழுதியவள்

என் தங்கை சுஹைரா ஓட்டோ ஓட்டுகிறாள். காலையில் குறிஞ்சாக்கேணியிலிருந்து ஏழு பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்குவாள். பிறகு ஆஸ்பத்திரி, சந்தை, எங்கே கேட்டாலும் போவாள். வாப்பா மௌத்தாகி, நாற்பதாம் நாள் ஓதல் கழிந்த மறுநாள், அவருடைய ஓட்டோவைக் கழுவித் துடைத்துச் சாவியை எடுத்தவள் அவள். அப்போது அவளுக்கு வயது இருபத்திரண்டு. இந்த ஏழு வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழவில்லை. இதைப் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன்.

பேஸ்புக்கில் அவளுக்கு ஒரு பக்கம் இருந்தது. ஓட்டோவில் ஆட்கள் விட்டுவிட்டுப் போகும் குடை, பை, மருந்து எழுதிய துண்டு எல்லாவற்றையும் படம் எடுத்துப் போடுவாள். ஒரு தடவை பொய்ப்பல் செட் ஒன்றைப் போட்டாள். உரியவர் வாயைப் பொத்திக்கொண்டு வந்து வாங்கிப் போனார். பதினோராயிரம் பேர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கிண்ணியாப் பாலம் தாண்டி ஓர்ஸ் ஹில்லில் வாழ்க்கைப்பட்டு, வீட்டிலேயே தைக்கிறேன். காலையில் மெஷினில் உட்கார முன் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளியைப் பார்ப்பேன். அது எரிந்தால் அவள் எழும்பிவிட்டாள், உம்மாவும் சுகம் என்று அர்த்தம்.

மார்கழி தொடக்கத்தில் ஒரு மீன் லொறி பின்னுக்கு வந்து அவளுடைய ஓட்டோவை இடிக்கப் பார்த்தது. உள்ளே ஏழு பிள்ளைகளும் இருந்தார்கள். இவள் இறங்கிச் சாரதியை ஏசினாள். கோபத்தில் அவருடைய தாயையும் இழுத்துவிட்டாள். யாரோ அதைப் படம் பிடித்து, பிள்ளைகள் அழுத இடத்தை வெட்டிவிட்டு, ஏச்சை மட்டும் போட்டார்கள். பதினெட்டு விநாடி. அதன் கீழ் எழுதப்பட்டவற்றை நானூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன், அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஒருவன் எழுதியிருந்தான்: “இவள் எந்த ரோட்டால எத்தனை மணிக்கு வாறாள் எண்டு தெரியும்.”

சுஹைரா சாப்பாட்டைக் குறைத்தாள். “போன் மேசையில கிடந்தாலும் ஆரோ பின்னால நிக்கிற மாதிரி இரிக்கு ராத்தா,” என்றாள்.

அந்தப் படம் வந்த பதினோராம் நாள், வியாழக்கிழமை, காலை ஒன்பது பத்துக்கு அவள் பக்கத்தில் இரண்டு வரி வந்தது. “நான் போறன். என் வாயால், கையால் ஆருக்கும் நோவு வந்திருந்தால் மன்னித்து ஹலாலாக்கிக்கொள்ளுங்கள்.”

ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தேன். பக்கமே இல்லை. பச்சைப் புள்ளியும் இல்லை.

எங்கள் ஆட்கள் ஹஜ்ஜுக்குப் போக முன் இப்படிப் பிழை பொறுக்கக் கேட்பார்கள். நோன்புக்கு முன் கேட்பார்கள். இனிப் பிழைக்கமாட்டோம் என்று படுக்கையில் தெரியும்போதும் கேட்பார்கள். அதோடு, ‘போறன்’ என்று சொல்லி வீட்டுப்படி இறங்க உம்மா எங்களை ஒருநாளும் விட்டதில்லை. ‘போயிட்டு வாறன்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

அவளுடைய போனுக்கு எடுத்தேன். உம்மாதான் பேசினார்.

“மகள், இவள்ற போன் அரிசி வாளிக்குள்ள கிடந்து அடிக்குது.”

“அவள் எங்க உம்மா?”

“பிள்ளைகள இறக்கிட்டு வந்து என்னைக் கொஞ்சினாள். மன்னிச்சுக்கொள்ளுங்க உம்மா எண்டாள். நோன்பு வருகுதாக்கும் எண்டு நினைச்சன்.”

“நோன்புக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கே!”

ஓட்டோ நிறுத்துமிடத்தில் நிற்கும் றிஸ்விக்கு எடுத்தேன். “தங்கச்சிட ஓட்டோ பாலத்தடியில நிக்குது ராத்தா. உள்ள ஆள் இல்ல,” என்றான். கிண்ணியாப் பாலம் எவ்வளவு நீளம், அதன் கீழே எவ்வளவு தண்ணீர் என்று எனக்குத் தெரியும்.

பஸ்ஸில் ஏறினேன். தெரிந்த ஓதல் எல்லாம் பாதியில் நின்றது. பாலத்தில் பஸ் ஏறியதும் எல்லாரும் வழக்கம்போல் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் தண்ணீரைப் பார்த்தேன். இரண்டு தடவை ஏதோ கறுப்பாக மிதக்க, எழும்பி நின்று பார்த்தேன். இரண்டு தடவையும் அது வள்ளம்.

பாலத்தடியில் இறங்கி ஓடினேன். ஓட்டோ நின்றது. அதற்குப் பின்னால் ஒரு மீன் லொறி. இலக்கத்தைப் பார்த்தேன். படத்தில் வந்த அதே இலக்கம். நான் அதை எழுதி வைத்திருந்தேன். தண்ணீரை விட்டு இப்போது அந்த லொறியைக் கண்டு பயந்தேன். என்ன செய்திருப்பான்? கல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

மீன் பெட்டி மேல் சுஹைரா உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

எதிரே நரைத்த தலையோடு அந்தச் சாரதி நின்றார். பெயர் யோகலிங்கம், ஊர் சல்லி.

“கல்லைக் கீழ போடுங்கோ தங்கச்சி,” என்றார். “இந்தப் பிள்ளை மன்னிப்புக் கேக்க வந்தது. என்ர அம்மாவ ஏசிப்போட்டாவாம். எனக்கு இடக்காது கேளாது. அண்டைக்கு எஞ்சின் சத்தத்துக்க ஒண்டும் விளங்கேல்ல. இண்டைக்கு இவ வந்து சொல்லித்தான் என்ன ஏசினவ எண்டே தெரியும்!”

கல்லைப் போட்டுவிட்டு, சுஹைராவை அடிக்கத்தான் கையை ஓங்கினேன். அது அவள் தலையைக் கட்டிக்கொண்டது.

“எங்க போறன் எண்டு எழுதமாட்டியா புள்ள?”

“பேஸ்புக்க விட்டுப் போறன் எண்டு பேஸ்புக்கில எழுதினன். வேற எங்க போவன்?”

“ஹலாலாக்கச் சொல்லி எழுதினியே!”

“பதினோராயிரம் பேருக்கிட்டயும் வீடு வீடாப் போக ஏலுமா? இவர் ஒராள்தான் கிட்ட இருந்தார், வந்தன். மூணு மாசத்துக்கு அந்தச் சனியன் வேணாம் ராத்தா.” பிறகு குனிந்து பார்த்துச் சிரித்தாள். “செருப்பப் பாருங்க.”

என் ஒரு காலில் என்னுடைய செருப்பு, மற்றக் காலில் என் கணவருடைய செருப்பு. யோகலிங்கமும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது அவளிடம் பட்டன் போன்தான். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், பிள்ளைகளை ஏற்றும்போது பாடுகிறாளாம். நல்லது. ஆனால் ரோட்டும் நேரமும் தெரியும் என்று எழுதியவன் யார் என்று இன்னும் தெரியாது. எனக்கு அந்தப் பச்சைப் புள்ளியும் இல்லை. அதனால் காலை ஆறு பத்துக்கு அவள் எனக்குப் போன் எடுக்க வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.

நேற்று ஆறு இருபத்தைந்தாகியும் வரவில்லை. மெஷினுக்குப் போட்ட நூல் ஊசிக் கண்ணில் நுழையவே இல்லை. பிறகு போன் அடித்தது.

“டயர் காத்துப் போயிட்டு ராத்தா. பிள்ளைகள் நிக்கிதுகள், போறன்.”

“என்ன சொன்ன?”

“அல்லாஹ்வே! போயிட்டு வாறன். வாறன், வாறன், வாறன்.”

அதற்குப் பிறகுதான் போனை வைத்தேன்.