ஆடி வெள்ளியில் மகள் எடுத்த பூப்பொட்டலம்

ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வாகியிருப்பதாக என் மகள் மதுமிதாவுக்கு வந்த கடிதம் சென்ற ஆண்டு ஜூலை முதல் வாரத் தேதியிட்டது. தமிழ்க் கணக்கில் ஆனிப் பின்பாதி. சேர விருப்பமா என்பதை ஆகஸ்ட் நடுவுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றிருந்தது.

நான் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சுற்றுவட்டாரக் கோயில்களின் கல்வெட்டுகளையும் திருப்பணித் தேதிகளையும் சேகரிப்பது என் பொழுதுபோக்கு. கண்ணால் பார்க்காததை எழுதுவதில்லை. அம்மன் அருளால் நடந்த இதையும் அப்படியே எழுதுகிறேன்.

கடிதம் வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். மறுநாளே அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கல்லூரிக் காலம் முழுவதும் விடியற்காலையில் எழுந்து ஓடியவள், போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள்.

"ஓடறது, ஏறறதெல்லாம் வருதுங்கப்பா. ஆனா ஆளுங்களுக்கு உத்தரவு போடறதுதான் அங்க வேலையே. அதுக்கு நான் பொருந்துவனான்னு தெரியலைங்க."

"தேர்வுல அதைத்தான கண்ணு பார்த்திருப்பாங்க?"

"அது பரீட்சைங்கப்பா. அங்க எல்லாருமே அப்படித்தான் பேசுவாங்க."

அவள் நாய்க்குட்டியைக் கூட 'வாங்க' என்று கூப்பிடுகிறவள். கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனர் இதை லேசில் விடவில்லை. "ஏனுங்க, கொஞ்சம் துப்பாக்கியக் கீழ வெச்சுப்போடுங்கன்னு எதிரிகிட்டக் கேப்பியா அம்மணி?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். பிறகு உள்ளே போய் அழுதிருக்கிறாள்.

உள்ளூரிலேயே ஒரு கம்பெனி வேலையும் தயாராக இருந்தது. போ என்று சொல்ல எனக்குப் பயம். இரு என்று சொன்னால் வாழ்நாளெல்லாம் என்னைக் கேட்பாளோ என்று அதைவிடப் பயம். எத்தனையோ புத்தகம் படித்தவன்தான். ஒன்றும் கைகொடுக்கவில்லை.

என் மனைவி சரோஜாதான் சொன்னாள். "ஏனுங்க, பூக் கேட்டுப் பார்த்தரலாமுங்க."

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ, வீடோ, கிணறோ, அம்மனிடம் பூக் கேட்காமல் தொடங்க மாட்டார்கள். வெள்ளைப் பூவையும் செவ்வரளியையும் தனித்தனியாக இலையில் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். யாருக்காகக் கேட்கிறோமோ அவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம். பிறகு மற்றதையும் பிரித்துக் காட்டுவார் பூசாரி.

ஆடி மூன்றாம் வெள்ளி, எங்கள் மாரியம்மன் கோயிலில் நிற்க இடமில்லை. மைத்துனரும் கூட வந்திருந்தார். பொட்டலங்களைப் பூசாரி வைத்தபோது நான் கண்ணை மூடினேன். அனுப்பு என்றும் கேட்கவில்லை, நிறுத்து என்றும் கேட்கவில்லை. 'அவளுக்கு எது பொருந்தும் என்பதை அவளுக்கே காட்டு, தாயே' என்றேன்.

மதுமிதா ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரிப்பதற்குள் சன்னதிக்கு வெளியே, மதிலுக்குள் போட்டிருந்த பந்தலில் சீரியல் விளக்கு ஒயர் வெடித்துப் பொறி பறந்தது. "கரண்டு, கரண்டு" என்று யாரோ கத்தினார்கள். கூழுக்கு நின்ற பெண்களும் குழந்தைகளுமாக எல்லோரும் வாசலை நோக்கி ஓடினார்கள். மதிலுக்கு இருப்பது ஒரே சின்ன வாசல். அதிலும் கீழே இறங்கும் படிகள். ஒரு பெண் குழந்தையோடு சரிந்துவிட்டாள்.

என் பக்கத்தில் நின்ற மகளைக் காணோம். பார்த்தால் வாசலை ஒட்டிய திண்ணையில் ஏறி நிற்கிறாள்.

"எல்லாரும் அங்கயே நில்லுங்க. யாரும் தள்ளாதீங்க. குழந்தைகளத் தூக்கிக்குங்க. அண்ணா, நீங்க மெயினை ஆஃப் பண்ணுங்க. படியில இருக்கறவங்க மட்டும் இப்ப எறங்குங்க."

கத்தவில்லை. ஆனால் கடைசி ஆள் வரை கேட்டது. கூட்டம் நின்றது. என் மைத்துனர் ஓட எடுத்த காலைத் தூக்கியபடியே நின்றார். விழுந்த பெண்ணை எழுப்பி, வரிசையாக எல்லோரையும் இறக்கிவிட்டாள். சிராய்ப்புக்கு மேல் யாருக்கும் ஒன்றுமில்லை.

"இத்தனை 'ங்க' போட்டும் நின்னுபோட்டனே அம்மணி," என்றார் மைத்துனர்.

அவள் அப்போதுதான் கையை விரித்தாள். பொட்டலம் கசங்கியிருந்தது. உள்ளே வெள்ளைப் பூ. சரோஜா அழுதாள். மகள் அழவில்லை. "போறனுங்கப்பா," என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அன்று இரண்டு சொம்பு கூழ் குடித்தாள்.

அக்டோபரில் பயிற்சியில் சேர்ந்தாள். ஞாயிறுதோறும் பேசுகிறாள். "இங்க உத்தரவுல யாரும் 'ங்க' போடறதில்லைங்கப்பா. நான் மட்டும் மனசுக்குள்ள போட்டுக்கறேன்," என்றாள் போன வாரம். முழங்கால் வலி இருக்கிறதாம். திரும்பி வரும் எண்ணம் இல்லையாம். நானும் மாறிவிட்டேன். முன்பெல்லாம் தேதி குறிக்கக் கோயிலுக்குப் போவேன். இப்போது கும்பிடவும் போகிறேன்.

உங்கள் பிள்ளையும் இப்படி வாசலில் தயங்கி நின்றால், உங்கள் விருப்பத்தைச் சற்றே தள்ளி வைத்துவிட்டு அம்மனிடம் விடுங்கள். அவள் வழி காட்டுவாள்.

ஒன்று மட்டும் குறித்துவைக்க வேண்டும். பிரித்துக் காட்டப் பூசாரி கையில் எடுத்திருந்த மற்றொரு பொட்டலம் அன்றைய நெரிசலில் கீழே விழுந்து மிதிபட்டுப் போய்விட்டது. அதில் செவ்வரளிதான் இருந்தது என்று பூசாரி சொல்கிறார். பிரித்துப் பார்த்தவர் யாருமில்லை. ஆகவே இது உறுதி செய்யப்படவில்லை.