இருமும் கிளி

தாம்பரத்தில் கிளம்பும் மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில்தான் அவளைச் சந்தித்தேன். பிளஸ் டூ சீருடை, இரட்டைப் பின்னல், நூலகப் புத்தகத்துக்குள் அடையாளமாகச் செருகிய விரல். கதை எழுதுகிறவள் என்பதை மட்டும் முதலில் சொல்லவில்லை.

இறந்துபோன சித்தப்பாவின் குரலில் வீட்டுக் கிளி தினமும் காபி கேட்கிறது, அப்பாவைத் திட்டுகிறது என்றாள். "அடப் பாவமே" என்று அவள் தோளைத் தொட்டேன். உடனே பேனாவைத் திறந்தாள்.

"கிளியே கிடையாது ஆன்ட்டி, நான் எழுதுற கதை. எந்த இடத்துல டவுட் வந்துச்சு?"

கோபத்தை விழுங்கிக்கொண்டு, "திட்டுதுன்னியே, அங்க" என்றேன்.

அடுத்த வாரம் அதே பெட்டியில் வேறொரு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது கிளி பேசவில்லை. சித்தப்பா மாதிரி இருமியது, அவ்வளவுதான். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இப்படியெல்லாம்கூட நடக்குமாங்க?"

எனக்கு என்ன வந்ததோ, "நான் இவங்க பக்கத்து வீடுதான். இருமல் எங்க வீடு வரைக்கும் கேக்கும். எங்க வீட்டுக்காரர் கிளிக்கு மாத்திரைகூட வாங்கிக் கொடுத்தார்" என்றேன்.

பல்லாவரத்தில் அந்த அம்மா இறங்கிப் போனார். புத்தகத்திலிருந்து தலை நிமிராமலே அவள் சொன்னாள்:

"மாத்திரைதான் கொஞ்சம் ஓவர், ஆன்ட்டி."