மீன் சாப்பிடாத ஜெபராஜ்

போன மாதம் இறந்துபோன என் நண்பன் ஜெபராஜின் வீட்டுக்கு மீன் வாங்கிக் கொடுக்கலாம் என்று, மாடம்பாக்கத்தில் அவன் வழக்கமாக வாங்கிய மீன்கார அக்காவிடம் இன்று காலை போனேன்.

“இன்னா சார், தனியா வந்துகீறே? உன் தோஸ்து எங்க?”

சொன்னேன். கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“நல்ல மனுஷன். செவுளைத் தூக்கித் தூக்கிப் பாத்து பேஜார் பண்ணுவாரு. மீனுன்னா அவருக்கு உசுரு.”

“அவன் மீனே சாப்பிட மாட்டான்க்கா. ஒரு துண்டு தின்னாலும் உடம்பெல்லாம் தடிச்சிடும். எல்லாம் பொண்டாட்டிக்கும் பொண்ணுங்களுக்கும்தான்.”

என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கும் அவனே குழம்பு வைத்துக் கொண்டுவந்தான். உப்பு சரியா என்று அவனால் ருசி பார்க்க முடியாது. நான் முதல் வாய் சாப்பிடும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

கண்ணில் பட்ட சங்கரா மீனை வாங்கிக்கொண்டு போய் அவன் வீட்டில் கொடுத்தேன். சின்ன மகள் பையைத் திறந்து பார்த்தாள்.

“அங்கிள், அப்பாவா இருந்தா இதை வாங்கியே இருக்க மாட்டாங்க.”

அவள் அம்மா சிரித்துவிட்டார். ஒரு மாதமாக அந்த வீட்டில் நான் கேட்காத சிரிப்பு.

அடுத்த ஞாயிறும் போகப்போகிறேன். நல்ல மீன் பார்த்து வாங்கத் தெரிந்தவர்கள் யாராவது கூட வருகிறீர்களா?